விருந்தினர் வருகிறார்கள், வீட்டார் போகிறார்கள்

விருந்தினரை உபசரிப்பது ஈமானோடு சேர்ந்த காரியம் என்பதை நமது வீட்டுப் பெண்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. நேரங்கெட்ட நேரத்தில் ஒருவர் வந்து வாசலில் நின்றாலும் முகம் சுளிக்காமல் அடுப்பில் உலை ஏற்றுகின்றவர்கள் அவர்கள். ஆனால் விருந்தினரைக் கண்ணியப்படுத்தச் சொல்லும் ஹதீஸின் மறுபாதியை நாம் அதிகம் பேசுவதில்லை. விருந்துக்கு மூன்று நாட்கள் என்று வரையறை செய்த நபி (ஸல்) அவர்கள், வீட்டாருக்கு நெருக்கடி உண்டாகும் அளவுக்கு விருந்தாளி தங்கிவிடுவது ஆகுமானதல்ல என்றும் கற்றுத் தந்துள்ளார்கள். ஸஹீஹுல் புகாரியில் இது பதிவாகியுள்ளது. உபசரிப்பவருக்கு ஒரு கடமை உண்டென்றால் வருகின்றவருக்கும் ஓர் எல்லை உண்டு.

ஒரு வீட்டுக்குச் சொல்லப்பட்ட இந்த ஒழுங்கு ஓர் ஊருக்கும் பொருந்தும். உல்லாசப் பயணிகள் நமது ஊர்களின் விருந்தினர்கள். அவர்களால் நமது நாட்டுக்கு வருமானம் வருகிறது. பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. 2018ஆம் ஆண்டில் 23 இலட்சத்துக்கும் அதிகமானோர் இலங்கைக்கு வந்தார்கள். 2019ஆம் ஆண்டின் குண்டுவெடிப்புகள், அதன் பின் வந்த கொரோனா, 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி ஆகியவற்றையெல்லாம் தாண்டி 2024இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தார்கள். இது நல்ல செய்திதான். ஆயினும் விருந்தினருக்காக வீட்டார் வெளியேற நேர்ந்தால் அதை உபசரிப்பு என்று சொல்ல முடியுமா? பழைமையான ஊர்களில் வாழும் குடும்பங்கள் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

நமது ஊரின் நிலை

தம்புள்ளையைப் பலர் ஒரு சந்தியாகவே அறிவார்கள். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் ஏ-9 வீதியும், அம்பேபுஸ்ஸவிலிருந்து திருகோணமலை செல்லும் ஏ-6 வீதியும் இங்கேதான் சந்திக்கின்றன. 1999ஆம் ஆண்டு பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின்னர், நாட்டின் மரக்கறி வியாபாரத்தின் பெரும் பகுதி இந்தச் சந்தியைச் சுற்றியே நடக்கிறது. இரவு முழுவதும் லொறிகள். பகல் முழுவதும் பஸ்களும் வேன்களும்.

ஆனால் இவ்வூரின் வரலாறு சந்தியோடு ஆரம்பித்ததல்ல. கிறிஸ்துவுக்கு முன் முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் அடைக்கலம் புகுந்ததாகச் சொல்லப்படும் குகைகள், பின்னர் பௌத்த விகாரையாகி, 1991ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. சுமார் 20 கிலோமீட்டருக்குள் இருக்கும் சீகிரியா 1982ஆம் ஆண்டிலேயே அப்பட்டியலில் இடம்பெற்றுவிட்டது. ஆகவே வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் எந்தப் பக்கத்தால் வந்தாலும் தம்புள்ளையைத் தொட்டுத்தான் போக வேண்டும்.

இவ்வாறு வருகின்ற கூட்டத்தின் பாரம் முதலில் வந்து விழுவது குடும்பத்தின் மேல்தான். வாடகை கூடுகிறது. வீட்டின் முன்னால் வேன் நிறுத்தப்படுகிறது. பக்கத்து வளவில் நீச்சல் தடாகத்தோடு விடுதி எழும்பினால் நமது கிணற்று நீர் மட்டம் என்னாகும் என்ற கவலை வருகிறது. மேல் மாடியில் தங்கியிருப்பவருக்கு நமது முற்றம் தெரிகிறது. உடுப்புக் காயப் போடவும் பெண்கள் யோசிக்கிறார்கள். விடுதியின் கழிவுநீர் எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது. இவையெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள் போலத் தெரியும். ஆனால் ஒரு குடும்பத்தை "இந்த இடத்தை விற்றுவிட்டுப் போய்விடுவோம்" என்று சொல்ல வைப்பவை இத்தகைய சின்ன விஷயங்கள்தான்.

இதன் முடிவு எங்கே போய் நிற்கும் என்பதை அறிய நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. தெற்கே காலிக் கோட்டையைப் பார்த்தால் போதும்.

காலிக் கோட்டை சொல்லும் பாடம்

போர்த்துக்கேயர் ஆரம்பித்து, 1640இல் ஒல்லாந்தர் கைப்பற்றிப் பெரிதாகக் கட்டிய நகரம் காலிக் கோட்டை. 14 கொத்தளங்கள் கொண்ட மதிலுக்குள் 52 ஹெக்டேயர் நிலம். கடலின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே கழிவு வாய்க்கால்களைக் கழுவும் ஏற்பாட்டை ஒல்லாந்தர் அன்றே செய்திருந்தார்கள். 2004ஆம் ஆண்டு சுனாமி காலி நகரை வாரியெடுத்தபோதும் மதிலுக்குள் இருந்தவர்கள் பெருமளவு தப்பினார்கள். 1988இல் இக்கோட்டை உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது.

இங்கே முஸ்லிம்களுக்கு ஒரு தனி வரலாறு உண்டு. ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பின் கோட்டையிலும் பேட்டையிலும் முஸ்லிம்கள் வீடு வளவு உடைமையாக்கிக்கொள்ளத் தடை இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1832ஆம் ஆண்டில்தான் அது நீங்கியது. நகர மதில்களுக்குள் கால்வைப்பதே கடினமாயிருந்த ஒரு சமூகம், பின்னர் காலிக் கோட்டையின் தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது. வெளிச்ச வீட்டின் அருகே, தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கிறிஸ்தவக் கோயில் போலத் தோன்றும் இரு கோபுரங்களோடு நிற்கும் மீரான் ஜும்ஆப் பள்ளிவாசலும், 1892இல் ஆரம்பிக்கப்பட்ட பஹ்ஜதுல் இப்றாஹீமிய்யா அறபுக் கல்லூரியும் அந்த வாழ்வின் சாட்சிகள்.

அந்தக் கோட்டையில் வீடுகள் கைமாறத் தொடங்கியது 2000ஆம் ஆண்டுகளின் ஆரம்பத்தில். வெளிநாட்டவர் காணி வாங்கும்போது விதிக்கப்பட்டிருந்த நூறு வீத வரி 2002இல் நீக்கப்பட்டது. பழைய வீடுகளைத் தேடி வெளிநாட்டவர் வந்தார்கள். நமது மக்கள் கனவிலும் காணாத விலை சொன்னார்கள். 2004இல் வரி மீண்டும் வந்தது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி உரிமை மாற்றுவதையே கட்டுப்படுத்தியது. ஆனால் அதற்குள் பல வீடுகள் கைமாறிவிட்டன. வசிப்பிடங்கள் விடுதிகளாயின, விறாந்தைகள் நகைக் கடைகளாயின, சமையலறைகள் உணவகங்களாயின.

விற்றவர்களைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. இருநூறு வருடப் பழைய கூரையைத் திருத்த எவ்வளவு செலவாகும்? ஒரே வீட்டில் ஏழெட்டு வாரிசுகள். கரைசேர்க்க வேண்டிய குமர்ப் பிள்ளைகள். பணம் மேசையில் வைக்கப்பட்டால் யார்தான் தடுமாறமாட்டார்? ஆனால் விற்றபின் நடந்ததை அங்கு வாழ்ந்த ஒரு ராத்தா இரண்டே வசனத்தில் சொன்னார்: "மௌலவி, எங்கட ஒழுங்கையில முந்தி நோம்புக் கஞ்சி ஊட்டுக்கு ஊடு போகும். இப்ப கஞ்சிய யாருக்குக் குடுக்கிற, பூட்டுப் போட்ட கதவுதான் ஈக்கிது."

காலிக் கோட்டையில் சட்டம் இருக்கவில்லையா? இருந்தது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ், பாதுகாக்கப்பட்ட பழைமையான சின்னமொன்றிலிருந்து 400 யார் தூரத்துக்குள் கட்டடம் எழுப்புவது கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 1978ஆம் ஆண்டின் சட்டப்படி உருவான நகர அபிவிருத்தி அதிகார சபை இருக்கிறது. 1994ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் காலி மரபுரிமை மன்றம் அமைக்கப்பட்டது. வீட்டின் உயரம், ஓடு, முகப்பு, விறாந்தைத் தூண்கள், நடுமுற்றம் எல்லாவற்றுக்கும் விதிகள் உண்டு. ஒரு சுவரை உடைப்பதானாலும் அனுமதி பெற வேண்டும்.

இந்த விதிகளால்தான் கோட்டை இன்றும் கோட்டையாகக் காட்சி தருகிறது. இல்லாவிட்டால் பத்து மாடிக் கட்டடங்கள் எழும்பியிருக்கும். ஆனால் இந்த விதிகள் ஓட்டைக் காத்த அளவுக்கு அந்த ஓட்டின் கீழ் வாழ்ந்த குடும்பத்தைக் காக்கவில்லை. வீட்டின் தோற்றத்துக்கு விதி இருந்தது; வீடு வீடாகவே இருக்க வேண்டும் என்பதற்குப் போதிய விதி இருக்கவில்லை. ஒரு தெருவில் எத்தனை வீடுகள் விடுதியாகலாம், எத்தனை வீடுகள் குடியிருப்பாகவே இருக்க வேண்டும் என்ற கணக்கு காலத்தோடு போடப்படவில்லை. முகம் பழையபடி இருக்கிறது. உயிர் மெல்ல மெல்ல வெளியேறுகிறது.

உலகில் மற்ற ஊர்கள்

இது காலிக்கு மட்டும் வந்த சோதனையல்ல. இத்தாலியின் வெனிஸ் நகரைப் படங்களில் கண்டிருப்பீர்கள். 1951இல் அதன் பழைய நகரில் சுமார் 1,75,000 பேர் குடியிருந்தார்கள். 2022இல் அத்தொகை 50,000க்கும் கீழே இறங்கிவிட்டது. அரிசி வாங்கும் கடைகள் குறைந்து முகமூடி விற்கும் கடைகள் பெருகின. 2024 ஏப்ரல் மாதத்திலிருந்து, கூட்டம் அதிகமுள்ள குறிப்பிட்ட நாட்களில் பகல் வந்து மாலை திரும்பும் பயணிகளிடம் 5 யூரோ கட்டணம் அறவிடத் தொடங்கினார்கள். குடியிருந்தவர் போனபின் போட்ட கட்டணம் அது.

ஸ்பெயினின் பார்சலோனா நகரம் சற்று முந்திக்கொண்டது. 2017இல் நகரின் மையப் பகுதியில் புதிய விடுதிகளுக்கு அனுமதியில்லை என்று நகரத் திட்டத்திலேயே எழுதினார்கள். பயணிகளுக்கு வாடகைக்கு விடப்படும் சுமார் 10,000 வீடுகளின் அனுமதிப்பத்திரங்களை 2028ஆம் ஆண்டுக்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று 2024இல் நகர மேயர் அறிவித்தார். அவை மீண்டும் ஊர் மக்கள் வாழும் வீடுகளாக வேண்டும் என்பதே அதன் நோக்கம்.

நமக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் மலேசியாவின் பினாங்கு. அதன் ஜோர்ஜ் டவுன் நகரில் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் 1801இல் அடித்தளமிட்ட கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. வாடகையைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருந்தவரை பழைய கடைவீடுகளில் எளிய குடும்பங்கள் வாழ்ந்தன. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அச்சட்டம் முடிவுக்கு வந்ததும் வாடகை உயர்ந்தது; ஆயிரக்கணக்கானோர் வெளியேறினார்கள். 2008இல் அந்நகரம் உலக மரபுரிமையானபோது, அந்த மரபை வாழ்ந்து காட்டியவர்களில் பலர் அங்கே இருக்கவில்லை. ஆனால் வக்பு செய்யப்பட்ட நிலங்களை யாரும் விலைபேச முடியவில்லை. முன்னோர் அல்லாஹ்வுக்காக ஒதுக்கிவைத்தது அவர்களுடைய ஊருக்கும் நங்கூரமாக நின்றது.

மார்க்கம் வகுத்த ஊர் ஒழுங்கு

"நகரத் திட்டமிடல் என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த விஷயம், மௌலவிமாருக்கு இதில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். நமது கிதாபுகளைப் புரட்டாதவர்களின் கேள்வி அது.

மிஸ்ரைச் சேர்ந்த புஸ்தாத் நகரில் காரிஜா இப்னு ஹுதாபா (ரழி) அவர்கள் தமது வீட்டுக்கு மேல் ஓர் அறை கட்டினார்கள். அயலவரின் வீட்டுக்குள் பார்வை விழும் என்ற முறைப்பாடு மதீனாவில் இருந்த கலீபா உமர் (ரழி) அவர்களுக்கு எட்டியது. அவர்கள் ஆளுநர் அம்ர் இப்னுல் ஆஸ் (ரழி) அவர்களுக்குக் கட்டளை அனுப்பினார்கள். அந்த அறையில் ஒரு கட்டிலைப் போட்டு, நெட்டையுமல்லாத குட்டையுமல்லாத ஒருவரை அதன்மேல் நிற்கச் செய்யுங்கள்; ஜன்னலால் அயல் வீடு தெரிந்தால் அதை அனுமதிக்க வேண்டாம் என்பதே அக்கட்டளையின் சாரம். மிஸ்ரின் வரலாற்று நூல்கள் இதைக் கூறுகின்றன. எவ்வளவு தெளிவான கட்டட விதி பாருங்கள்! அளவுகோல் உண்டு, பரிசோதனை முறை உண்டு, ஸஹாபியாக இருந்தாலும் விதிவிலக்கு இல்லை. காக்கப்பட்டது அயல் வீட்டுப் பெண்ணின் மானம்.

அனுமதி கேட்டு ஸலாம் சொல்லும் வரை பிறர் வீட்டுக்குள் நுழையக் கூடாதென்று ஸூரத்துன் நூர் கட்டளையிடுகிறது. பாதையின் அகலத்தில் பிணக்கு வந்தால் ஏழு முழம் விட வேண்டுமென்று நபியவர்கள் தீர்ப்பளித்தார்கள். பாதையில் அமர்பவர் பார்வையைத் தாழ்த்த வேண்டும், தொல்லை தரக் கூடாது என்றார்கள். மதீனாவைச் சூழ எல்லை வகுத்து, அதற்குள் மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள். பிறருக்குத் தீங்கு செய்வதுமில்லை, தீங்குக்குப் பதில் தீங்குமில்லை என்ற நபிமொழிக் கருத்தின் மேல் பிக்ஹ் அறிஞர்கள் சுவர், ஜன்னல், வாய்க்கால், புகைபோக்கி என்று ஒவ்வொன்றுக்கும் சட்டம் பேசினார்கள். 14ஆம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமி ஒரு கொத்தனார். அவர் கட்டடச் சட்டங்களுக்கென்றே ஒரு கிதாபு எழுதினார்.

சொத்து விற்பதிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கூட்டாகச் சொந்தமான காணியில் தன் பங்கை விற்க விரும்புபவர் முதலில் மற்றப் பங்காளியிடம் தெரிவிக்க வேண்டும். இதற்கு ஷுப்ஆ என்று பெயர். நமது ஷாபிஈ மத்ஹபில் இவ்வுரிமை பங்காளிக்கு மட்டுமே. ஹனபி மத்ஹபில் அயலவருக்கும் உண்டு. நாட்டின் சட்டம் இதைக் கட்டாயமாக்காவிட்டாலும் அல்லாஹ்வைப் பயந்து இதைப் பேண நமக்கு என்ன தடை? தம்பிக்குத் தெரியாமல் அண்ணன், ராத்தாவுக்குத் தெரியாமல் தம்பி என்று பங்குகள் விற்கப்பட்டதால் இடையில் பிளந்துபோன வீடுகள் எத்தனை!

விதியும் ஆயுதமாகலாம்

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் பேச வேண்டும். தம்புள்ளையில் வாழும் முஸ்லிம் குடும்பத்துக்குத் "திட்டம்", "புனித பூமி", "வர்த்தமானி" என்ற சொற்களைக் கேட்டால் முதலில் வருவது அச்சம். 2012 ஏப்ரல் 20, வெள்ளிக்கிழமை. இங்குள்ள பள்ளிவாசல் புனித பூமி எல்லைக்குள் இருக்கிறதென்று கூறி ஒரு பெருங்கூட்டம் திரண்டு வந்தது. அன்று அங்கே ஜும்ஆ நடக்கவில்லை. பல தசாப்தங்களாகத் தொழுகை நடந்துவந்த இடம் அது. பின்னர் அதனை வேறிடத்துக்கு மாற்றும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. விவகாரம் வருடக்கணக்காக இழுபட்டது. 2013 ஒக்டோபரில் அதே பகுதியிலிருந்த பத்திரகாளி அம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அங்கு நீண்ட காலம் குடியிருந்த குடும்பங்களும் வெளியேறுமாறு பணிக்கப்பட்டன.

இதைப் பழைய காயத்தைக் கிளறுவதற்காகச் சொல்லவில்லை. புராதனச் சின்னம் ஒன்றைச் சுற்றி எல்லை வகுப்பது நியாயமே. பிற சமூகத்தார் புனிதமாகக் கருதும் இடத்தை மதிப்பது நமது கடமையுமாகும். மடங்களும் தேவாலயங்களும் பள்ளிவாசல்களும் காக்கப்பட வேண்டியவை என்பதை ஸூரத்துல் ஹஜ்ஜிலிருந்து நாம் அறிகிறோம். ஆனால் ஒரு விதி நீதியான விதியாக இருக்கச் சில நிபந்தனைகள் உண்டு. அது எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏழையின் குடிசைக்கும் பெரிய ஹோட்டலுக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். அது முன்கூட்டியே, விளங்கும் மொழியில் அறிவிக்கப்பட வேண்டும். அங்கே வாழ்பவரிடம் கேட்டுச் செய்யப்பட வேண்டும். இடம் பெயர வேண்டியிருந்தால் மாற்றிடமும் நட்டஈடும் முதலில் வர வேண்டும். கூட்டத்தின் கூச்சலால் அது நிறைவேற்றப்படக் கூடாது.

பெரியவர்களுக்கு விதி வளைவதையும் நாடு கண்டிருக்கிறது. காலிக் கோட்டையின் காட்சியை மறைக்கும் கிரிக்கட் மைதானக் கட்டடங்களைப் பற்றி யுனெஸ்கோ பல வருடங்களாக ஆட்சேபம் தெரிவித்தது. 2018இல் அவற்றை அகற்றுவது பற்றி அமைச்சர் மட்டத்திலேயே பேசப்பட்டது. ஒரு விதவையின் விறாந்தையில் பலகை ஒன்றை மாற்ற அனுமதி கேட்கும் விதி, மைதானத்தின் முன்னால் வாய்மூடி நின்றால் மக்கள் அவ்விதியை எப்படி மதிப்பார்கள்?

மறுபுறம், நம்மவர் நடத்தையையும் நாம் பார்க்க வேண்டும். கடையின் படியை நடைபாதைக்கு நீட்டுவது, அனுமதியில்லாமல் மேல் மாடி போடுவது, கழிவுநீரைப் பொது வாய்க்காலில் விடுவது, ஜும்ஆ நேரத்தில் வீதியை அடைத்து வாகனம் நிறுத்துவது ஆகியவை நமது ஊர்களில் நடக்காதவையா? "விதி நமக்கு எதிரானது" என்ற மனப்பான்மையால் நாம் விதியையே ஒதுக்குகிறோம். பின்னர் நமக்கு விதியின் துணை தேவைப்படும்போது நம் கையில் ஒரு கடதாசித் துண்டும் இருப்பதில்லை.

வீட்டுப் பெண்கள் அறிய வேண்டியவை

இந்த விஷயத்தை ஏன் குடும்பப் பெண்களிடம் பேச வேண்டும்? நம்மவரில் பல ஊர்களில் வீடு மகளுக்கே எழுதப்படுகிறது. உறுதியில் பெயர் உங்களுடையது. தீர்மானம் மட்டும் வேறு யாருடையதோ! ஆகவே விற்பதற்கு, வாடகைக்கு விடுவதற்கு, உடைத்துக் கட்டுவதற்கு முன்னர் சில காரியங்களைக் கவனியுங்கள்.

முதலாவது, உறுதியையும் வரைபடத்தையும் ஒருமுறையாவது கையிலெடுத்துப் பாருங்கள். வாப்பாவின் மௌத்துக்குப் பின் பராயிழ் பிரிக்கப்படாமல் கிடக்கும் வீடாயின், சகோதரிகளின் பங்கைக் கணக்கிட்டு எழுதிக்கொள்ளுங்கள். வெட்கத்துக்காக வெற்றுக் கடதாசியில் கையொப்பமிடாதீர்கள்.

இரண்டாவது, உள்ளூராட்சி சபையில் உங்கள் காணிக்குரிய வீதிக்கோட்டுச் சான்றிதழைக் கேட்டுப் பெறுங்கள். வீதி அகலமாக்கப்படும்போது உங்கள் வளவில் எவ்வளவு போகும் என்பது அதில் தெரியும். உங்கள் வீடு தொல்பொருள் திணைக்களத்தின் எல்லைக்குள்ளா, நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள்ளா என்றும் விசாரியுங்கள். வாய்ப் பேச்சை நம்பாமல் எழுத்தில் கேளுங்கள்; பதிலையும் எழுத்தில் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எந்தப் பிரசையும் இவ்வாறு கேட்கலாம். அதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது, வருமானம் தேவையென்றால் வீட்டை முழுவதுமாக விற்பதற்கு முன், இரண்டு அறைகளை மட்டும் பயணிகளுக்கு விடும் வழியை யோசியுங்கள். சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் பதிவு செய்யும் முறை உண்டு. தனி வாசல், தனிக் குளியலறை, குடும்பப் பெண்களின் பகுதிக்குப் பார்வை விழாத அமைப்பு, ஹலாலான உணவு, வீட்டின் ஒழுங்கை முன்பே சொல்லிவிடுதல் ஆகியவற்றைப் பேணினால் வீடும் நிலைக்கும், மானமும் நிலைக்கும், வருமானமும் வரும். ஆயினும் அந்த வருமானத்தை மட்டும் நம்பிக் கடன் எடுக்காதீர்கள். 2020இல் விமான நிலையம் மூடப்பட்டபோது வெறிச்சோடிய விடுதிகளை நாம் மறக்கவில்லை.

நான்காவது, உங்கள் பகுதிக்கு அபிவிருத்தித் திட்டம் ஒன்று தயாராகும்போது அது மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். அபிப்பிராயம் சொல்லக் காலம் தரப்படும். அந்த நாட்களில் போய்ப் பாருங்கள். தண்ணீர், கழிவு, பாடசாலைப் பாதை, பிள்ளைகள் விளையாடும் இடம் பற்றி உங்களைவிட அறிந்தவர் யார்? சிங்கள, தமிழ் அயல்வீட்டுப் பெண்களையும் அழைத்துக்கொண்டு செல்லுங்கள். வாடகை உயர்வும் கிணறு வற்றுவதும் இனம் பார்த்து வருவதில்லை.

பள்ளிவாசல் நிருவாகத்தினருக்கும் ஒரு வார்த்தை. மஹல்லாவில் எந்த வீடு விற்பனைக்கு வருகிறது என்பதை முதலில் அறிய வேண்டியவர்கள் நீங்கள். வாங்க வசதியுள்ள ஊர்வாசிகளை விற்பவரோடு சேர்த்துவைக்கலாம். கூரை திருத்த முடியாத விதவைக்குக் கர்ழ் ஹஸன் கொடுக்கலாம். வசதி படைத்தோர், வீடொன்றை ஏழைக் குடும்பங்களின் வசிப்புக்கென வக்பு செய்யலாம்; 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் அதைப் பதிந்து காக்க வழியிருக்கிறது. பள்ளிவாசலின் சொந்த உறுதிகளும் அனுமதிகளும் ஒழுங்காக இருக்கின்றனவா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவில்லாத பழைமைக்கு அலுவலக மேசையில் மதிப்பில்லை என்பதைத் தம்புள்ளை நமக்குக் கற்றுத் தந்திருக்கிறது.

இறுதியாக...

ஓர் ஊரைப் பார்க்க ஏன் மக்கள் வருகிறார்கள்? கல்லையும் மதிலையும் மட்டும் பார்ப்பதற்கா? அதிகாலை பாங்கொலி, ஒழுங்கையில் ஓடும் பிள்ளைகள், விறாந்தையில் தஸ்பீஹோடு அமர்ந்திருக்கும் மூதாட்டி, இடியப்பம் அவியும் வாசனை ஆகிய இவையெல்லாம் சேர்ந்ததே ஊர். இவற்றை வெளியேற்றிவிட்டு மதிலுக்கு மட்டும் வெள்ளையடித்தால் விருந்தினர் வந்து பார்ப்பது வெறும் கூட்டைத்தான்.

விருந்தினர் வரட்டும், மனம் நிறைய வரவேற்போம். அவர்கள் வந்து போகும் ஊரில் நமது பேரப்பிள்ளைகளும் வாழ வேண்டும் என்பதை விதியாக எழுதச் சொல்வோம். அந்த விதி நீதியாக இருக்கவும், அதை நாமே முதலில் பேணவும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தௌபீக் செய்வானாக! நமது வீடுகளை நிம்மதியின் இல்லங்களாக ஆக்கி வைப்பானாக! ஆமீன்.